மூன்றாவது மேசை

கிளீவ்லண்டின் கிழக்குப் பக்கம்,
முன்பு செருப்புக் கடையாக இருந்த சபையின் நிலவறையில்
செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு
நாலு மடக்கு மேசை போடுகிறோம்.
ஹீட்டர் இருமும்.
காபிப் பானையில் யாரோ ஒட்டிய சீட்டு:
அடிவரை ஊற்றாதே, அடியில் இருப்பது காபி அல்ல.

முதல் மேசையில் வாடகை, அடுத்ததில் வேலை.
கடைசியில் சும்மா அழ வருகிறவர்களுக்கு ஒன்று.
மூன்றாவது என்னுடையது: கடன்.
இருபத்தொரு வருடம் வசூல் கம்பெனியில்
காதில் போனை மாட்டிக்கொண்டு இருந்தவன் நான்.
சாப்பாட்டு நேரம் பார்த்து அழை.
பிள்ளை எடுத்தால் பெயர் கேள்.
அந்தப் பெயரைச் சொல்லி, அம்மாவைக் கூப்பிடச் சொல்.
எல்லாம் அச்சடித்துக் கையில் தந்திருந்தார்கள்.

இங்கே வந்த அன்று போதகர் டில்லர்ட்
மனந்திரும்பினாயா என்று கேட்கவில்லை.
"அந்தக் கம்பெனிக்காரர்கள் எதற்குப் பயப்படுவார்கள்?"
"எழுத்தில் கேட்டால்."
"அப்படியானால் உட்கார்."

வெர்னீஸ் ஹக்கபி வந்தது பனி கொட்டிய மார்ச்சில்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கடிதம்,
பாதி பிரிக்காதது.
முன்னூறு டாலர் வாங்கி
ஆயிரத்து நானூறு கட்டி
இன்னும் முன்னூறு பாக்கி.
அந்தக் கணக்கைத் தெருமுனையில்
மஞ்சள் விளக்குப் போட்ட கடையில் கற்றுத்தருவார்கள்.
பிரிக்காத உறை ஒன்றில்
என் பழைய கம்பெனியின் முத்திரை.
கையால் மறைத்துப் பிரித்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

சபை அந்த முன்னூறைக் கட்டியது.
வாரம் பதினைந்தாகத் திருப்பித் தந்தாள், வட்டியில்லை.
ஜூனில் சம்பளம் ஏறியது, மணிக்கு எண்பது சென்ட்.
கேக் வெட்டினோம்.
ஜூலையில் அந்த எண்பது சென்ட்டே
பிள்ளைக் காப்பகத்துக்கு அரசு தந்த பணத்தை நிறுத்தியது.
ஏறிய படிக்காக ஏணியைப் பிடுங்கும் சட்டம்;
கேக் வெட்டும்போது நாங்கள் அதைப் படித்திருக்கவில்லை.

ஆறு வாரம் வரவில்லை.
போனை எடுத்தேன், வைத்தேன்.
அழைக்க நன்றாகத் தெரியும் என்பதுதான் தொந்தரவு.
கோர்லிஸ் என்ற சகோதரி, முழங்கால் வலியோடு,
மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினாள்.
ஜெபிக்கலாமா என்று கேட்கவில்லையாம்.
"பையன் எத்தனை மணிக்குத் தூங்குவான்?"
அன்றிலிருந்து வாரம் நாலு இரவு
கோர்லிஸோ அவள் தங்கையோ அந்த சோபாவில் தூங்கினார்கள்.
ஆண்டறிக்கையில் இதற்குக் கட்டமே இல்லை.
"மற்றவை" என்று போட்டேன்.

டிசம்பரில் நன்கொடையாளர் விருந்து.
வெள்ளை மேசைவிரிப்பு, துணி நாப்கின்.
வெர்னீஸ் சாட்சி சொல்ல வேண்டும், ஐந்து நிமிடம்:
முன்பு எப்படி, இப்போது எப்படி.
மேடை ஏறினாள். பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள்.
"கேஸ் பில். நாற்பத்தொரு டாலர் பதினேழு சென்ட்.
கட்டியாயிற்று."
இறங்கிவிட்டாள்.
ஒருவர் கைதட்டத் தொடங்கி
பாதியில் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.
போதகர் நாப்கினுக்குள் சிரித்தார்.

வெளியே ஏரிப் பனி.
சபை பழுதுபார்த்துத் தந்த காரின் கண்ணாடியை
அவள் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
சொல்லிவிட்டேன்: கம்பெனி, முத்திரை, இருபத்தொரு வருடம்.
அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்.
முதல் நாள் மேசையில் வாய் திறந்ததுமே தெரியும்.
ஒமாரியிடம் பெயர் கேட்ட குரல்.
ஐந்து வயது அவனுக்கு.
அதன் பிறகு ஒரு வருடம் அவன் போன் எடுக்கவில்லை."

பரமண்டல ஜெபத்தில் கடன் என்று வரும் இடத்தில்
எப்போதும் என் குரல் இறங்கிவிடும்.
இப்போது முழுதும் இறங்கியது.

காருக்குள் கைவிட்டு
இன்னொரு சுரண்டியை எடுத்து நீட்டினாள்.
"அந்தப் பக்கம் நீ."